தேன்னா தேனீதான் வரையணுமா?

இந்த தடவ கேள்வி பதில் பகுதிக்கு வந்ததுல முக்காவாசி டிசைன் படிக்கிற பிள்ளைகளோட கேள்வி, லோகோ பிராண்டிங்னு காலேஜ்ல புராஜெக்ட் குடுக்குற நேரம் போல. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அக்கா, நான் விஷுவல் கம்யூனிகேஷன் ரெண்டாவது வருஷம். நம்ம ஊர் பொருள் ஒண்ணுக்கு லோகோ, லேபிள், விசிட்டிங் கார்டு எல்லாம் செய்யணும்னு புராஜெக்ட். நான் தேன் எடுத்தேன். தேனீ வரைஞ்சேன், அறுகோணம் வரைஞ்சேன், சொட்டு விழற மாதிரியும் வரைஞ்சேன். சார் எல்லாத்தையும் பாத்துட்டு "இது எந்த ஊர் தேன்?"னு மட்டும் கேட்டுட்டு பேப்பர திருப்பி தந்துட்டாரு. அப்பம் திருவள்ளுவர் சிலைய உள்ள வச்சிரவா?
*- வாசகர், மார்த்தாண்டம்*

சிலை வேண்டாம் தம்பி. 133 அடி சிலை, 2000 ஜனவரி 1 அன்னைக்கு திறந்தது, நம்ம எல்லாருக்கும் பெருமைதான், ஆனா லாட்ஜ், டிராவல்ஸ், டீத்தூள், டியூஷன் சென்டர்னு எல்லாரும் அதத்தான் போடுறாங்க, அத பாத்தா கன்னியாகுமரின்னு தெரியும், உள்ள இருக்கறது தேன்னு தெரியாது. சூரிய உதயம், பாறை, மூணு கடல் இதுக்கும் இதே பதில்தான்.

உங்க சார் கேட்டது அருமையான கேள்வி, அத திட்டுனு எடுத்துக்காத. தேனீயும் அறுகோணமும் உலகத்துல எல்லா தேனுக்கும் பொது. நம்ம தேன் எங்க இருந்து வருதுன்னு ஒரு நிமிஷம் யோசி. பூவுல இருந்துன்னுதான் சட்டுனு சொல்லுவோம். ஆனா மார்த்தாண்டம், குலசேகரம், திருவட்டாறு பக்கம் எடுக்கற தேன்ல பெரும்பங்கு ரப்பர் தோட்டத்து தேன், அது பூவுல ஊறுறதே இல்ல. ரப்பர் மரம் மார்கழி தை வாக்குல இலைய மொத்தமா உதுத்துட்டு புதுசா தளிர் விடும்லா, அந்த தளிர்லதான் தேன் ஊறும். ரப்பர் இலைய கையில எடுத்து பாரு, ஒரு நீளமான காம்பு, அதோட நுனியில மூணு இலை பிரியும். அந்த மூணும் கூடுற எடத்துல பொடிப்பொடியா சுரப்பி இருக்கு, தளிரா இருக்கறப்ப அங்கன இருந்து இனிப்பு நீர் கசியும், தேனீ வந்து உறிஞ்சிட்டு போறது அதத்தான். பூவுக்கு வெளியில தேன் சுரக்கிற மரம், அந்த மரம் நின்ன தோட்டத்துலயே பெட்டி வச்சு எடுக்கற தேன், இது உன் வீட்டு பின்னால நடக்குது.

இப்ப பேப்பர்ல மூணு இலை, அது கூடுற எடத்துல ஒரு புள்ளி, இவ்வளவு மட்டும் வரைஞ்சு பாரு. ஒரே கலர்ல நிக்கும், பாட்டில் மூடி அளவுக்கு சின்னதாக்கினாலும் தெரியும், "எந்த ஊர் தேன்?"னு யாராவது கேட்டா உன்கிட்ட சொல்ல ஒரு கதை இருக்கும். காஷ்மீர் தேன் பாட்டில்ல இத கொண்டு ஒட்ட முடியாது பாத்துக்க, நான் எந்த லோகோவுக்கும் வைக்கிற முதல் சோதனை அதுதான், பக்கத்து ஊர் கடைக்கு தூக்கி குடுத்தா அங்கயும் பொருந்துதான்னு பாப்பேன், பொருந்திச்சுன்னா இன்னும் வேலை முடியலன்னு அர்த்தம்.

ஆனா நான் சொன்னத அப்படியே வரைஞ்சு குடுத்துராத. நீ தோட்டத்துக்கு போ, தேன் எடுக்கறவங்க கூட ஒரு காலையில நில்லு, பெட்டிய தூக்கி நிறுத்தியிருக்கற கால்ல எறும்பு ஏறாம இருக்க தண்ணி வச்சிருக்கறத பாரு, அடைய மிஷின்ல வச்சு சுத்தி எடுக்கறத பாரு. மார்த்தாண்டத்துல பெட்டியில தேனீ வளக்கறது ஒய்எம்சிஏ காரங்க ஊர்ப்புற மக்களுக்கு சொல்லிக்குடுத்து வளந்த தொழில், அந்த கதைய வீட்டு பெரியவங்ககிட்ட கேட்டா இன்னும் கிடைக்கும். நான் பாக்காத ஏதோ ஒண்ணு உன் கண்ணுல படும், லோகோ அதுல இருந்து வரணும்.

இன்னொண்ணு, பிராண்டிங்னா லோகோவோட முடியற வேலை இல்லன்னு உங்க சார் சொல்லியிருப்பாரு, அதுக்கு இந்த தேன்லயே உதாரணம் இருக்கு. ரப்பர் தேன் சீக்கிரம் உறைஞ்சு போகும், அடியில வெள்ளையா சீனி மாதிரி கட்டிக்கும். வாங்குனவங்க உடனே சர்க்கரைப்பாகு கலந்துட்டாங்கன்னு நினைச்சு திருப்பி கொண்டு வருவாங்க. தேன் உறையறது இயல்புதான், வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள பாட்டில வச்சா திரும்ப இளகிரும். அத லேபிள்ல நல்ல இடத்துல, நல்ல தமிழ்ல, பெரிய எழுத்துல ரெண்டு வரியா எழுது. அந்த ரெண்டு வரி அந்த கடைக்காரருக்கு உன் லோகோவ விட அதிகமா உதவும், புராஜெக்ட் பாக்கறவங்களுக்கும் நீ வாங்குறவங்க பக்கம் நின்னு யோசிச்சிருக்கன்னு புரியும்.

தோவாளை பூ சந்தைக்கு ஒரு பிராண்ட் செஞ்சேன், ஏழு கலர், ஒரு கலர் இன்னொரு கலர்ல கரையற கிரேடியன்ட் எல்லாம் போட்டு போன்ல பாக்க சூப்பரா இருந்துச்சு, துணிப்பையில பிரிண்ட் போட குடுத்தா கடைக்காரர் முடியாதுன்னுட்டாரு, பேப்பர்ல எடுத்தா கலர் செத்த மாதிரி இருக்கு. என்ன பண்ண?
*- மாணவி, ஆரல்வாய்மொழி*

போன் ஸ்கிரீன் வெளிச்சத்துல கலர் காட்டுது, அது ஆர்ஜிபி. பேப்பர்ல சியான், மஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு மையில வருது, அது சிஎம்ஒய்கே. பளிச்சுனு இருக்கற ஆரஞ்சு, கிளிப்பச்சை எல்லாம் மையில அந்த அளவுக்கு வராது, அதனால ஃபைல ஆரம்பத்துலயே சிஎம்ஒய்கேல தொடங்கு. துணிப்பை ஸ்கிரீன் பிரிண்டிங்ல ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன் தனியா செய்யணும், ஏழு கலர்னா அவரு எப்படிம்மா சம்மதிப்பாரு?

நீ தோவாளை பக்கத்துலயே இருக்க, மாணிக்க மாலைய பாத்திருப்பல்லா. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை, எல்லாத்தையும் மடிச்சு மடிச்சு தட்டையா கட்டி கட்டம் கட்டமா கொண்டு வருவாங்க, தூரத்துல இருந்து பாத்தா கல்லு பதிச்ச மாதிரி தெரியும். மூணே நிறம், கிரேடியன்ட் கிடையாது, அவ்வளவு அழகு. அந்த கட்டத்த வரைஞ்சு பழகு, அதுலயே உன் பேட்டர்ன் இருக்கு. 2025ல அதுக்கு புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, அதனால வகுப்புக்கு செய்யறது சரி, நாளைக்கு நிஜமாவே அந்த பேர போட்டு மாலை விக்கணும்னா பதிவு பண்ணின ஆளுங்கதான் போடலாம்.

நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு லோகோ. பேரு தமிழ்ல வரணும். இல்லஸ்ட்ரேட்டர்ங்கிற வரையற சாஃப்ட்வேர்ல டைப் பண்ணா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரிஞ்சு போகுது. பாமினி ஃபான்ட் போட்டா சரியா வருது, ஆனா மேம் பாமினி வேண்டாங்கிறாங்க. தமிழ்ல நல்ல ஃபான்ட்டே இல்லையா அக்கா?
*- மாணவர், நாகர்கோவில்*

முதல்ல கொம்பு பிரச்சனைய முடிச்சிருவோம். இல்லஸ்ட்ரேட்டர்ல பிரிஃபரன்ஸ் போய் டைப்ங்கிற இடத்துல ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்னு ஒண்ணு இருக்கும், அத டிக் பண்ணு, அப்புறம் பாராகிராஃப் பேனல் மெனுவுல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசர எடு. 'கொ', 'தோ', 'நே' எல்லாம் ஒழுங்கா வந்து உக்காரும். போட்டோஷாப்லயும் டைப் பிரிஃபரன்ஸ்லதான் இதுக்கு வழி இருக்கு. இந்த ஒரு டிக் தெரியாமதான் எத்தனையோ ஃபிளெக்ஸ் போர்டுல எழுத்து உடைஞ்சு தொங்குது, பாக்கறப்பல்லாம் மனசு வலிக்கும்.

பாமினி பத்தி மேம் சொன்னது சரிதான். அது இங்கிலீஷ் கீ மேல தமிழ் எழுத்து படத்த ஏத்தி வச்ச பழைய முறை, ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தா கலஞ்சு கிடக்கும், வெப்சைட்ல போட்டா கூகுள் தேடல்ல சிக்காது. நம்ம ஊர் பிரஸ்கள்ல கோரல்டிரால இன்னும் ஓடுது, அவங்க வேகத்துக்கு அது பழகிப்போச்சு, அவங்கள குறை சொல்லல. நீ எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறையில செஞ்சு, பிரஸ்ஸுக்கு குடுக்கறதுக்கு முன்னால எழுத்த வடிவமா மாத்துற கிரியேட் அவுட்லைன்ஸ் போட்டு பிடிஎஃப்பா குடு, எங்க போனாலும் உடையாது.

ஃபான்ட் இல்லாம என்ன, கூகுள் ஃபான்ட்ஸ்ல போய் தமிழ்னு தேர்ந்தெடுத்து பாரு. முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமை, பவனம், கவிவனார், பலூ தம்பி எல்லாம் இருக்கு, ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், கடைக்கு செய்யற வேலைக்கும் காசு குடுக்காம பயன்படுத்தலாம். பலூ தம்பி குண்டு குண்டா அழகா இருக்கும், ஆனா பலகாரக் கடைன்னாலே எல்லாரும் அத எடுக்கறதால நான் இப்ப தவிர்க்கிறேன். டவுன்லோட் பண்ணின சைட்டே தெரியாத ஃபான்ட்ட மட்டும் லோகோவுக்கு எடுக்காத.

ஆனா லோகோன்னா ஃபான்ட்ட அப்படியே டைப் பண்ணி விடறதுல எனக்கு திருப்தி கிடையாது. கோட்டாறு, வடசேரி பக்கம் நடந்து பழைய கடை போர்டுகள போட்டோ எடு. பெயின்டர் கையால எழுதின போர்டுல 'ந' எப்படி வளையுது, 'தி'ல விசிறி எங்க முடியுது, ரெண்டு எழுத்துக்கு நடுவுல எவ்வளவு இடம் விட்டிருக்காருன்னு பாரு. சில போர்டுல 'லை', 'னை', 'றா' எல்லாம் பழைய வடிவத்துல இருக்கும், 1978ல எழுத்து சீர்திருத்த ஆணை வந்ததுக்கு முன்னால பழகின கை அது. வடிவத்த ரசி, வளைவ எடுத்துக்க, ஆனா பழைய 'லை'ய லோகோல போடாத, இப்ப உள்ள பிள்ளைகளுக்கு வாசிக்க வராது. அப்புறம் 'ர'வும் காலும் ஒண்ணுபோல தெரியாம பாத்துக்க, சின்ன பாக்கெட்ல அச்சடிக்கும்போது 'ண', 'ணை' உள்ள இருக்கற இடைவெளி மைய குடிச்சு அடைச்சிரும், அதனால கொஞ்சம் திறந்தே வரை. 'சிப்ஸ்'ல வர்ற ரெண்டு புள்ளியையும் வட்ட சிப்ஸா மாத்தலாம்னு உனக்கு இந்நேரம் தோணியிருக்கும், உன் வகுப்புல பாதி பேருக்கும் அதுதான் தோணும், எழுதி ஓரமா வச்சுட்டு அடுத்தத யோசி.

கடை போர்டும் புராஜெக்ட்ல உண்டுன்னா ஒரு விதி தெரிஞ்சிருக்கணும். தமிழ்நாட்டுல கடை பெயர்ப்பலகையில தமிழ் முதல்ல, பெருசா வரணும், தமிழ், இங்கிலீஷ், வேற மொழி மூணும் போட்டா 5:3:2 அளவு. களியக்காவிளை பக்கம் கிளை வச்சா மலையாளமும் கேப்பாங்க, அப்ப மூணு எழுத்தும் ஒரே போர்டுல சண்டை போடாம உக்காரணும், இத ஒரு பக்கமா செஞ்சு காட்டினேன்னா உன் புராஜெக்ட் தனியா நிக்கும். பாக்கெட்ல சைவம்னு காட்டுற பச்சை சதுரத்துக்குள்ள பச்சை வட்டம், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ லோகோவோட 14 இலக்க லைசென்ஸ் நம்பர், எடை, எம்ஆர்பி, தயாரிச்ச தேதி, பேட்ச் நம்பர், முகவரி எல்லாத்துக்கும் இடம் விட்டுத்தான் டிசைன தொடங்கணும். படத்த முடிச்சுட்டு கடைசியில இதுக்கு இடம் தேடினா லேபிளே அசிங்கமாயிரும், காலேஜ்ல இத கேக்காம விடலாம், வேலைக்கு போனா முதல்ல கேப்பாங்க.

வகுப்புக்கு பேக்கரி லோகோ செஞ்சேன். எங்க தெருவுல பேக்கரி வச்சிருக்கற மாமா அத பாத்துட்டு 500 ரூபாய் தாறேன், எனக்கு குடுன்னு கேக்காரு. குடுக்கலாமா? பின்னால பிரச்சனை வருமா?
*- பெயர் வேண்டாம், குளச்சல்*

குடுக்கலாம் மக்ளே, சந்தோஷமா குடு, ஆனா ஒரு தாள்ல எழுதி குடு. 1957 காப்பிரைட் சட்டப்படி நீ வரைஞ்சது உன்னோடது, மாமா காசு குடுத்ததால மட்டும் உரிமை அவருக்கு போயிராது, எழுத்துல கையெழுத்தோட மாத்திக் குடுத்தாதான் போகும். எத்தன வருஷத்துக்குன்னு எழுதலன்னா சட்டம் 5 வருஷம்னு எடுத்துக்கும், எந்த ஊருக்குன்னு எழுதலன்னா இந்தியா முழுக்கன்னு எடுத்துக்கும். போர்டுக்கு மட்டுமா, கேக் பெட்டிக்கும் சேத்தா, நீ உன் போர்ட்ஃபோலியோவுல காட்டலாமா, இதையும் எழுதிக்க. சொந்தக்காரங்ககிட்ட பேப்பர் நீட்டறது கூச்சமா இருக்கும், எழுதி வச்சா நாளைக்கு மனக்கசப்பு வராதுன்னு சொல்லு, மாமா புரிஞ்சுக்குவாரு. காலேஜ்ல புராஜெக்ட் யாருக்கு சொந்தம்னு விதி இருக்கான்னும் கேட்டுக்க.

அவரு பேர பதிவு பண்ணணும்னு சொன்னா அது டிரேட்மார்க், 1999 சட்டம். தனி ஆளுக்கும் சின்ன தொழிலுக்கும் ஆன்லைன்ல போட்டா பொருள், சேவைன்னு பிரிச்சிருக்கற ஒரு வகைக்கு 4,500 ரூபாய், பதிவு கிடைச்சா 10 வருஷம், பிறகு புதுப்பிக்கணும். டிரேட்மார்க் பதிவு பண்ற அரசாங்கத்தோட ஐபி இந்தியா சைட்ல அதே பேரு ஏற்கனவே யாருக்காவது இருக்கான்னு காசில்லாம தேடலாம், லோகோ வரையறதுக்கு முன்னாலயே தேடு. வட்டத்துக்குள்ள ஆர் போட்ட அடையாளம் பதிவு கிடைச்ச பிறகுதான் போடணும், அழகுக்குன்னு சும்மா போட்டா சட்டப்படி தப்பு. டிஎம்னு பதிவுக்கு முன்னாலயே போட்டுக்கலாம்.

500 ரூபாய் கம்மியான்னு நீ கேக்கல, ஆனா மனசுல இருக்கும்லா. நைக்கி கம்பெனியோட அந்த சின்ன வளைவு லோகோவ 1971ல வரைஞ்சது கேரலின் டேவிட்சன்னு ஒரு மாணவி, அமெரிக்காவுல போர்ட்லேண்ட் ஸ்டேட் யூனிவர்சிட்டியில படிச்சுக்கிட்டு இருந்தவங்க, அவங்களுக்கு கிடைச்சது 35 டாலர். 1983ல கம்பெனியே கூப்பிட்டு வைரம் வச்ச மோதிரமும் பங்கும் குடுத்துச்சு. எல்லா கம்பெனியும் அப்படி கூப்பிடும்னு நம்பி இருக்க முடியாது, அதனாலதான் தாள்ல எழுதுங்கேன். பேக்கரி ஒரு கடைதான்னா 500 இப்போதைக்கு இருக்கட்டும், ரெண்டாவது கிளை திறந்தா திரும்ப பேசலாம்னு ஒரு வரி சேத்துக்க.

என் மக பிளஸ் டூ. எப்பப் பாத்தாலும் லோகோ வரையேன், போஸ்டர் வரையேன்னு உக்காந்திருக்கா. இஞ்சினியரிங் சேத்து விடலாம்னு அவ அப்பா சொல்லுதாரு. படம் வரைஞ்சு என்ன கிடைக்கும்?
*- ஒரு அம்மா, தக்கலை*

அக்கா, உங்க பர்ஸ்ல இருக்கற காசுக்கு நாம எழுதுற அடையாளத்த குடுத்ததே நம்ம தமிழ்நாட்டு பையன்தான். ₹ அடையாளத்த வரைஞ்ச உதயகுமார் அப்ப ஐஐடி பாம்பேல டிசைன்ல பிஎச்டி செஞ்சுக்கிட்டு இருந்தாரு, 3000க்கு மேல டிசைன் வந்த போட்டியில அவரோடது தேர்வாகி 2010 ஜூலை 15 அன்னைக்கு மத்திய அரசு ஏத்துக்கிச்சு. தூர்தர்ஷன்ல நாம சின்ன வயசுல பாத்த அந்த சுத்துற கண்ணு இருக்குல்லா, அது அகமதாபாத்ல இருக்கற தேசிய டிசைன் கல்லூரி என்ஐடியில படிச்ச தேபாஷிஷ் பட்டாச்சார்யாங்கிற மாணவர் வகுப்புப் பயிற்சியில வரைஞ்சது. உங்க மக இப்ப நோட்டுல கிறுக்குறதும் இந்த வழியிலதான் போகுது, அத வெறும் படம்னு நினைக்காதீங்க.

படிக்க வழி நிறைய இருக்கு. என்ஐடிக்கு டிஏடின்னு தேர்வு, ஐஐடிகள்ல டிசைன் சேர ஐஐடி பாம்பே நடத்துற யூசீட் தேர்வு, ஃபேஷன் டிசைன் படிக்கிற நிஃப்டுக்கு தனியா ஒண்ணு. இதெல்லாம் கட்டணம் கூடுதல். கட்டணம் கம்மியா வேணும்னா சென்னையிலயும் கும்பகோணத்துலயும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கு, சென்னை கல்லூரி 1850ல தொடங்கினது. நமக்கு பக்கத்துல திருவனந்தபுரத்துலயும் ஃபைன் ஆர்ட்ஸ் கல்லூரி இருக்கு, விளம்பரம், லோகோ மாதிரி டிசைன் படிப்புக்கு அப்ளைடு ஆர்ட்னு கேளுங்க, தக்கலையில இருந்து பஸ்ல போற தூரம்தான். அவ அப்பாவ நேர்ல கூட்டிட்டு போய் அந்த பிள்ளைகள் செஞ்சு வச்சிருக்கற வேலைய காட்டுங்க, வாயால சொல்றத விட அது நல்லா புரியும். உடனே பெரிய சம்பளம் வரும்னு நான் சொல்ல மாட்டேன், முதல் ரெண்டு மூணு வருஷம் நம்ம பக்கம் கம்மிதான், ஆனா பாக்கெட் இல்லாத பொருளும் போர்டு இல்லாத கடையும் இல்லல்லா, வேலை இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

கேன்வா டிசைன் சைட்ல ரெடிமேட் டெம்ப்ளேட் எடுத்து லோகோ செஞ்சு சப்மிட் பண்ணலாமா? ஏஐ கிட்ட கேட்டு வாங்கினா?
*- மாணவர், குழித்துறை*

கேன்வாவுல லேஅவுட் போடு, போஸ்டர் போடு, புராஜெக்ட் பிரசன்டேஷன் செய், அதுக்கு நல்ல கருவி. லோகோவுக்கு டெம்ப்ளேட் வேண்டாம், அதே படத்த வேற யாரு வேணும்னாலும் எடுக்கலாம், அத வச்சு டிரேட்மார்க் பதிவு பண்ணக்கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு. ஏஐ கிட்ட வாங்கறதுன்னா உங்க சார்கிட்ட முன்கூட்டியே சொல்லிரு, மறைக்காத. எப்படி செஞ்சாலும் உன் கையால வரைஞ்ச பென்சில் ஸ்கெட்ச் தாள்கள கிழிச்சு போடாம தேதி போட்டு ஃபைல் பண்ணி வை, வைவால அதத்தான் முதல்ல புரட்டி பாப்பாங்க.